முட்டைக்குக் காவலிருந்த ஆசிரியர்

நியூசிலாந்துக்குக் குடிவந்த முதலாண்டில், டுனீடின் நகருக்கு அருகிலுள்ள தையரோவா முனைக்கு நண்பரொருவர் என்னை அழைத்துச் சென்றார். ஆளைத் தள்ளும் காற்று. தலைக்கு மேலே மூன்று மீட்டர் நீளச் சிறகுகளை விரித்து, அவற்றை ஒருமுறைகூட அசைக்காமல் ஒரு பறவை கடந்து போயிற்று. ராஜ அல்பட்ரோஸ். அன்று பறவையை மட்டும் பார்த்துத் திரும்பினேன். அது அங்கே இருப்பதற்குக் காரணமானவரைப் பற்றிப் பின்னர்தான் வாசித்தேன். அவர் பெயர் லான்ஸ் ரிச்டேல்.

1900இல் பிறந்த ரிச்டேல், பறவை ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஒட்டாகோ பகுதிப் பள்ளிகளுக்குச் சென்று விவசாயம் கற்பித்த ஆசிரியர். ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தவை வார இறுதிகளும் விடுமுறைகளுமே.

அல்பட்ரோஸும் பெட்ரலும் குழல்மூக்குப் பறவைகள். அலகின்மேல் நாசி குழாய்போல் அமைந்திருக்கும். கடல்நீரோடு உட்சென்ற உப்பைத் தலையிலுள்ள சுரப்பிகள் பிரித்து அந்த மூக்கு வழியே வெளியேற்றிவிடும். அதனால் இளம் அல்பட்ரோஸ்கள் ஆண்டுக்கணக்கில் கரையை மிதிக்காமலே வாழ்கின்றன. ஆனால் முட்டையிட மண் வேண்டும். பெரும்பாலும் தாம் பிறந்த மண்ணுக்கே திரும்பி வருகின்றன. ஓரிடத்தில் ஒரு குஞ்சும் பிழைக்காவிட்டால், அங்கே திரும்பி வரவும் எவரும் இருக்க மாட்டார்கள்.

தையரோவாவில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவைக்கு ஒரேயொரு முட்டை. அடைகாக்கப் பதினொரு வாரம். குஞ்சு பறக்க மேலும் எட்டு மாதம். இவ்வளவு நீண்ட காலத்தில் மனிதர் முட்டையை எடுத்துச் சென்றனர், அல்லது விலங்குகள் அழித்தன. 1936இல் இதை அறிந்த ரிச்டேல் மேட்டில் முகாமிட்டுக் கூட்டுக்குக் காவலிருந்தார். 1938இல் முதல் குஞ்சு கடலுக்குப் பறந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. 1940களில் ஸ்டுவர்ட் தீவுக்கு அருகிலுள்ள வெரோ என்னும் சின்னஞ்சிறு தீவில் தங்கி, இரவில் மட்டும் வளைக்குத் திரும்பும் பெட்ரல்களை ஆராய்ந்தார். மஞ்சட்கண் பென்குயின்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பறவைகளின் காலில் வளையமிட்டு, ஒவ்வொன்றையும் தனி உயிராக அறிந்தார். பென்குயின்கள் பற்றிய அவரது நூல்கள் 1951இலும் 1957இலும் வெளியாயின.

1937இல் அவர் வளையமிட்ட பெண் அல்பட்ரோஸ் ஒன்று அப்போதே முதிர்ந்த பறவை. பிற்காலத்தில் அதற்குப் 'பாட்டி' என்று பெயர் வந்தது. ரிச்டேல் 1983இல் காலமானார். பாட்டியோ அதற்குப் பின்னும் முனைக்கு வந்து, 1989இல்கூடக் குஞ்சு வளர்த்தாள். காவலிருந்தவர் போய்விட்டார், காக்கப்பட்டவள் வந்துகொண்டிருந்தாள்.

நியூசிலாந்தின் பெருநிலத்தில் அல்பட்ரோஸ்கள் குடியிருக்கும் ஒரே இடம் இன்று அந்த முனைதான். அங்கே பிறந்த இளம்பறவைகள் பல ஆண்டு கடலில் திரிந்து மீண்டும் அதே மேட்டில் வந்திறங்குவதைப் பார்க்கும்போது, ஊரை விட்டு வந்த எனக்கு ஏதோ செய்கிறது. திரும்பி வர ஓர் இடம் இருப்பது தானாக நடப்பதன்று. யாரோ ஒருவர் தமது விடுமுறைகளைக் கொடுத்து அதைக் காத்திருக்கிறார்.