பேய்க்கரும்பில் இனிமை கண்டவர்

கரும்பு தமிழருக்குப் புதிய பயிரன்று. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டு வந்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பொங்கலுக்குக் கரும்பு வாங்காத தமிழர் வீடு நம் நாட்டிலும் குறைவு. ஆனால், உலகின் பல நாடுகளில் கரும்பு வயல்களையே மாற்றியமைத்த ஒரு தமிழறிஞரின் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் அப்படி விழித்தவன்தான். சர் டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் அந்தப் பெயரை நான் அறிந்துகொண்ட கதை, நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து லயத்தின் பின்புறத்தில் தொடங்குகிறது.

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். அம்மா பால்மரம் வெட்டினார். அப்பாவுக்கு வெளிக்காட்டு வேலை. உரம் போடும் நாள்களில் உடம்பெல்லாம் மண்நிறப் பொடி படிந்து வீடு திரும்புவார். அது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த பாஸ்பேட் பாறைப் பொடி என்பது அப்போது எனக்குத் தெரியாது. லயத்துக்குப் பின்னால், மேட்டை வெட்டிய சரிவில், அப்பா பொங்கலுக்கென்று கரும்பு நட்டிருந்தார். காலிச் சாக்குகளை உதறிக் கிடைத்த உரத்தை அதற்கும் போடுவார். கால்வாய் ஓரத்துக் கரும்பு தலைக்கு மேல் வளர்ந்தது. சரிவில் நின்றதோ விரல் பருமனைத் தாண்டவில்லை, தூரும் கட்டவில்லை. இரண்டு வாரம் மழை தவறினால் இலை சுருண்டு, ஓரம் ஊதாவாகிவிடும். உரத்தை மண்ணே தின்றுவிடுகிறது என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு விவசாயத் துறையில்தான் இடம் கிடைத்தது. உறவினர்களுக்கு அது பெருமையாக இல்லை. மண்வெட்டியை விட்டு வெளியேறத்தானே படிக்கிறோம், மறுபடியும் மண்ணுக்கே போவதற்கு ஒரு பட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். முதலாண்டில், என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அறிவியல் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன்.

மண்ணியல் விரிவுரை ஒன்றில் அப்பாவின் பேச்சு உண்மையென்று புரிந்தது. நம் நாட்டின் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும், இடுகின்ற மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுகப் பற்றிக்கொள்ளும். தழைச்சத்து நீரோடு ஓடிவரும். மணிச்சத்து அப்படி நகராது. இருக்கும் இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்வதே அதற்குப் பெரும்பாடு. ஆகவே, வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். மண் காய்ந்தால் அந்தச் சிறு நகர்வும் நின்றுவிடும். வறட்சியும் மணிச்சத்துப் பசியும் செடியைச் சேர்ந்தே தாக்குவது இதனால்தான். எங்கள் சரிவுக் கரும்புக்கு நேர்ந்ததும் இதுவே. அப்படியானால் வறண்ட மண்ணிலும் வளமற்ற மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் கரும்பு உண்டா என்று நூலகத்தில் தேடினேன். அங்கே வெங்கட்ராமன் கிடைத்தார்.

அவர் 1884ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறந்தவர். தாவரவியல் பயின்றவர். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் தலைவரான ஆங்கிலேயத் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்பிரட் பார்பரின் கீழ்ப் பணியாற்றினார். கோயம்புத்தூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வட இந்தியாவில் கரும்பு அரிதாகவே பூக்கும். பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரிலோ நன்றாகப் பூத்து, முளைக்கும் விதையும் தரும். கரணை நட்டால் தாய்க் கரும்பே திரும்ப வரும். விதையிலிருந்து எழும் நாற்றோ ஒவ்வொன்றும் ஒரு விதம். புதிய கரும்பு வேண்டுமென்றால் விதையின் வழிதான் போக வேண்டும்.

அன்றைய இந்தியாவின் நிலை விந்தையானது. உலகிலேயே மிகப் பெரும் பரப்பில் கரும்பு பயிரிட்ட நாடுகளுள் ஒன்றாக இருந்தும் ஜாவாவிலிருந்து சீனியை இறக்குமதி செய்தது. கரும்பு வயல்களில் பெரும்பகுதி வடக்கே இருந்தது. அங்கு விளைந்த நாட்டுக் கரும்பு புல்லைப் போல் மெலிந்தது. தெற்கத்திய தடித்த கரும்பு இனிப்பு மிக்கது. ஆனால் வடக்கின் குளிரையும் வறட்சியையும் வெள்ளத்தையும் நோயையும் அதனால் தாங்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் பேய்க்கரும்பு வருகிறது. ஆற்றங்கரைகளில் நாணலோடு நாணலாகத் தானே முளைத்துக் கிடக்கும் காட்டுப்புல் அது. இனிப்பு இல்லை, யாரும் நடுவதில்லை. ஆனால், அதன் வேரும் கிழங்குத் தண்டும் மண்ணில் ஆழப் பாய்பவை. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராய் அலைந்தார் என்றும், அது இனித்த இடமான திருவொற்றியூரில் தங்கினார் என்றும் நாம் கதை கேட்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் நடந்தது வேறு வகை. வெள்ளை என்று தமிழ்ப் பெயரே கொண்ட தடித்த கரும்பின் பூவில் பேய்க்கரும்பின் மகரந்தம் சேர்க்கப்பட்டது. அந்தக் கலப்பிலிருந்து பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918இல் பஞ்சாப் விவசாயிகளின் கைக்குப் போனது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

பார்பர் சென்ற பிறகு நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942இல் ஓய்வு பெறும் வரை அவர் அந்த வேலையை விடவில்லை. முதற்கலப்பில் காட்டுத்தன்மை மிகுதி. ஆகவே, அதை மீண்டும் இனிப்புக் கரும்போடும், வட இந்தியக் கரும்போடும் சேர்த்து மூவினக் கலப்புகளை உருவாக்கினார். பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் தேறிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கழிக்கும் பொறுமை அதற்கு வேண்டும். கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்று வரிசையாக வந்தன. பின்னர் வந்த கோ 419 தென்னிந்திய வயல்களைப் பல்லாண்டுக் காலம் ஆண்டது.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. 1920களில் அவர் உடன்பணியாளர் தாமஸுடன் சேர்ந்து கரும்பின் வேர்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தண்டில் எவ்வளவு சாறு என்று எல்லாரும் அளந்த காலத்தில், மண்ணுக்குள் வேர் எப்படி வளர்கிறது என்று அவர் தோண்டிப் பார்த்தார். மணிச்சத்துக்கும் நீருக்கும் கை நீட்டுவது வேரல்லவா? எங்கள் சரிவுக் கரும்பை ஒரு நாளும் தோண்டிப் பார்க்கத் தோன்றாமல் போனதே என்று அன்று வருந்தினேன்.

1932இல் இந்தியச் சீனித் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அப்போது சுமார் 30 ஆலைகள்தாம் இருந்தன. சில ஆண்டுகளில் அவை 130ஐத் தாண்டின. சட்டம் மட்டும் ஆலையை ஓட்டாது. அரைக்கக் கரும்பு வேண்டும். அந்தக் கரும்பைக் கோயம்புத்தூர் தந்தது. ஜாவா சீனியை நம்பியிருந்த நிலையும் மாறியது.

அவருடைய கரும்பு கடலும் கடந்தது. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் பயிரிடப்பட்டன. நேட்டால் என்றதும் நமக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் நினைவு வரும். மலாயாவிலும் ரப்பருக்கு முன்பே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் வியர்வை சிந்தியிருக்கின்றனர். கரும்பு என்றாலே கண்ணீர் என்று பாடிப் பழகிய இனத்திலிருந்து, அந்தக் கரும்பையே திருத்தியமைத்த அறிவும் பிறந்திருக்கிறது. கோயம்புத்தூரில் கலப்புச் செய்து நேட்டாலுக்கு அனுப்பிய விதையிலிருந்து அங்கே தெரிந்தெடுத்த என்கோ 310 என்னும் கரும்பு, பின்னாளில் தைவான் வரை பரவியது.

அவருடைய முயற்சி எல்லாமே வென்றதில்லை. குறுகிய காலத்தில் முதிரும் கரும்பு வேண்டி, பெரிய மஞ்சள் சோளத்தோடு கரும்பைக் கலந்தார். மூங்கிலோடும் கலந்து பார்த்தார். உலகம் வியந்தது, ஆனால், அவை உழவர் வயலில் நிலைக்கவில்லை. அதே நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றிய தலைச்சேரி ஜானகி அம்மாளையும் இங்கே நினைக்க வேண்டும். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த அந்தப் பெண்மணிக்கு அங்கே நாள்கள் எளிதாகக் கழியவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஒருவரைப் போற்றும்போது அவர் காலத்தின் குறையை மறைக்க வேண்டியதில்லை.

1937இல் ஹைதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைவர். உலகம் போற்றிய கரும்பைப் பற்றியே அவர் பேசியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ இந்தியக் கிராமம்: அதன் நேற்று, இன்று, நாளை. 1942இல் சர் பட்டமும், 1956இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1963ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் மறைந்தார். அவர் வளர்த்த நிலையம் இன்றும் கோயம்புத்தூரில் இயங்குகிறது. புதிய கரும்புகள் கோ என்ற எழுத்தோடுதான் இன்னும் வருகின்றன.

நான் வளர்ந்த தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை. சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போனபோது, அப்பா கரும்பு நட்ட சரிவில் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. அம்மா கொத்திக் கொத்திக் களைத்த அதே லாலாங். அதுவும் கரும்பின் தூரத்து உறவுதான் என்று அப்பாவிடம் சொன்னேன். நம்பாமல் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். முழுதாக வரவில்லை, பாதி மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றது.

அன்பு மாணவர்களே, மருத்துவமும் சட்டமும் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், விவசாயத்தில் இடம் கிடைத்தவர்கள் அதை மறைத்துப் பேச வேண்டாம். நம் பெற்றோர் உரம் சுமந்தார்கள். அந்த உரம் ஏன் வேருக்கு எட்டவில்லை என்று கேட்கும் முறை நம்முடையது. இப்போது யாராவது கேட்டால், நான் பயிரும் மண்ணும் படித்தேன் என்றே சொல்கிறேன்.