கடலூர் முதல் கல்கத்தா வரை: பாதிரியார் கியர்நாண்டர்

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மாலையில் உலாவச் செல்லும் நம் மாணவ நண்பர்களுள் எத்தனை பேர், கெடிலம் கடலில் கலக்கும் அப்பகுதியில் நின்ற செயின்ட் டேவிட் கோட்டையை நினைத்துப் பார்த்திருப்போம்? 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக விளங்கியது அக்கோட்டையே. அதன் நிழலில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் வங்காளத்தின் முதல் புராட்டஸ்டண்டு மிஷனரி என்று பெயர் பெற்றவர் யோவான் சகரியா கியர்நாண்டர். புதிதாக ஒரு சபையை எப்போது தொடங்கலாம், எந்த நோக்கத்தோடு தொடங்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர் இவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும்.

1710ஆம் ஆண்டை ஒட்டிச் சுவீடன் நாட்டில் பிறந்தவர் இவர். உப்சாலாவில் கல்வி கற்று, ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் சென்றார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை உருவாக்கியதும் ஹாலேதான். கடலூர் மிஷன் 1737இல் சர்டோரியஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். இலண்டன் சங்கத்தின் ஆதரவில் 1740இல் கியர்நாண்டர் கடலூருக்கு வந்து சேர்ந்தார். தமிழ் பயின்றார், பள்ளிகளைக் கவனித்தார், சிறு சபையொன்று மெல்ல வளர்ந்தது.

இனித்தான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் வருகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலம் அது. கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்கிறார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் ஐயுற்றனர். 1749இல் அவர்களைக் கடலூரைவிட்டு வெளியேற்றி, அவர்களுடைய ஆலயத்தைக் கியர்நாண்டரிடம் ஒப்படைத்தனர். அவரும் ஏற்றுக்கொண்டார். பிறர் வியர்வை சிந்திக் கட்டிய கோயில், அரசாணை ஒன்றால் ஒரே நாளில் வேறொரு சபைக்குச் சொந்தமாயிற்று! அக்காலத்தில் அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். எனினும் ஒரு சபை வேர்விட அது நல்ல நேரமுமல்ல, நல்ல வழியுமல்ல என்றே எனக்குப் படுகிறது.

ஆணை கொடுத்த கோட்டை எவ்வளவு காலம் நின்றது? 1758 மே மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தார். ஜூனில் செயின்ட் டேவிட் கோட்டையும் வீழ்ந்து தகர்க்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் போர்களுக்கு எந்தச் சமயத்தின் கோயிலும் தப்பவில்லை. பக்கத்துச் சிதம்பரத்தில் நடராசர் கோயிலே படைகளின் அரணாக மாறியது. 1781இல் ஹைதர் அலியின் வீரர்கள் உள்ளே இருக்க, அதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். கியர்நாண்டரும் எல்லாவற்றையும் இழந்து தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கிருந்து அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தார். 1756இல் சில மாதங்கள் செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநராக இருந்த கிளைவ், பிளாசிப் போருக்குப்பின் அப்போது வங்காளத்தில் செல்வாக்கின் உச்சியில் இருந்தார். அவர் ஆதரவு கொடுத்தார். ஆனால் இம்முறை கியர்நாண்டர் முதலில் கோயில் கேட்கவில்லை. டிசம்பர் முதல் நாளில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார். ஓராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தனர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். ஆகவே அவர் வாழ்வில் என் மனத்தை அதிகம் கவர்ந்தது இந்தச் செய்தியே.

1760இல் கடலூர் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. உடன் உழைத்த ஹூட்டமன் கடலூருக்குத் திரும்பி, சிதறிய சபையை மீண்டும் சேர்த்தார். கியர்நாண்டர் திரும்பவில்லை. தமிழ் தெரிந்த மனிதர், தமிழ் பேசும் மந்தையை விட்டுவிட்டு, கடைசிவரை வங்காளி மொழி கைவராத ஊரில் தங்கியது சரியா? புதிய இடத்தின் தேவை பெரிது என்று அவர் கருதியிருக்கக்கூடும். இருந்தாலும் அங்கே அவர் போதித்தது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் போர்ச்சுக்கீசியத்திலுமே; அவர் சபைக்கு வந்தவர்களில் பலர் முன்பே கத்தோலிக்கராக இருந்தவர்கள். வங்காளிகளின் மொழியில் ஊன்றி உழைக்க, 1793இல் வில்லியம் கேரி வரவேண்டியிருந்தது.

1756 முற்றுகையில் கல்கத்தாவின் ஆங்கிலக் கோயில் அழிந்திருந்தது. நெடுநாள் காத்திருந்தபின் 1767இல் கியர்நாண்டர் ஆலயம் கட்டத் தொடங்கினார். 1770 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. எபிரேய மொழியில் ஜெப வீடு என்னும் பொருள்பட பெத் தெபில்லா என்று பெயரிட்டார். செங்கல் நிறத்தால் மக்கள் அதை லால் கிர்ஜா, அதாவது சிவப்புக் கோயில் என்றனர். செலவில் பெரும்பகுதி அவர் கைப்பணம். செல்வந்தரான அவருடைய இரண்டாம் மனைவி 1773இல் இறந்தபோது விட்டுச்சென்ற நகைகளும் பள்ளிக்கே பயன்பட்டன. சங்கத்தின் பணத்தையோ அரசின் ஆணையையோ எதிர்பாராமல் எழுந்த கோயில் அது. கடலூரில் நடந்ததற்கு நேர்மாறு!

ஆனால் கோயில் அவர் சொந்தச் சொத்தாகவே இருந்தது. குழந்தைப் பருவத்தில் கிளைவ் ஞானத் தந்தையாக நின்ற மகன் இராபர்ட், வளர்ந்து கட்டட வணிகத்தில் இறங்கிக் கடனில் மூழ்கினார். முதுமையும் கண்நோயும் வாட்டிய தந்தை, மகனுக்காகப் பிணை நின்றிருந்தார். 1787இல் கடன்காரர்களுக்காகக் கோயில் கதவுகள் முத்திரையிடப்பட்டன. வட்டிக்கடைக்குப் போன பாத்திரம்போல் ஆண்டவன் வீடும் ஏலத்துக்கு வந்தது. கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து மீட்டு, தனிமனிதர் எவருக்கும் உரிமையில்லாதபடி அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். அந்த ஆலயம் பழைய மிஷன் கோயில் என்ற பெயரோடு இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது.

கட்டியவரோ ஊரைவிட்டு, டச்சுக்காரரின் சின்சுராவில் சிறு ஊதியத்தில் குருவாக வாழ்ந்தார். 1795இல் ஆங்கிலேயர் அவ்வூரைப் பிடித்தபோது போர்க்கைதியானார். பிறகு கல்கத்தா திரும்பி 1799இல் காலமானார். மிஷனுக்குரிய கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.