ஒலியை ஆராய்ந்த சர். சி.வி. இராமன்

சர். சி.வி. இராமன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஒளி. ஒளிச்சிதறலைப் பற்றிய கண்டுபிடிப்பிற்காக 1930-ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் ஒளியால் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

இன்று கள்ளக்குறிச்சியில் ஆலயத்திலும், பள்ளி ஆண்டு விழாவிலும், திருமண மண்டபத்திலும் மின்னணுக் கீபோர்டு ஒலிக்கிறது. அதிலுள்ள குமிழ்களைத் திருகினால் ஒரே சுரம் ஏன் வேறு வேறு விதமாகக் கேட்கிறது? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அப்பெரியாரின் வாழ்க்கையைக் காண்போம்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கல்லூரி ஆசிரியர். வயலின் வாசிப்பதில் விருப்பம் உள்ளவர். ஆகவே கணிதப் புத்தகங்களும் தந்திகளின் நாதமும் சூழ்ந்த வீட்டில் சிறுவன் வளர்ந்தான். தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் விசாகப்பட்டினத்திற்குச் சென்றது. அங்குப் புனித அலோசியஸ் பள்ளியில் பயின்று, பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. பட்டமும், 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

மாணவப் பருவத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த நூல்களுள் ஒன்று, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வைப் பற்றி 1863-இல் வெளியிட்டது. நாம் ஒரு சுரம் என்று கேட்பது உண்மையில் பல ஒலிகளின் கூட்டம் என்று அந்நூல் விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, விநாடிக்கு 440 அதிர்வுள்ள ஒரு சுரத்தை வயலினில் இழைத்தால், அதனுடன் 880, 1320, 1760 என்னும் மேற்சுரங்களும் மெல்லியதாகச் சேர்ந்தே ஒலிக்கின்றன. இவற்றுள் எது மிகுதி, எது குறைவு என்பதுதான் வயலினையும் புல்லாங்குழலையும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

கீபோர்டிலுள்ள ஃபில்ட்டர் என்பது இம்மேற்சுரங்களை வடிகட்டும் கருவியே. நாம் டீத்தூளை வடிகட்டுவது போல, அது ஒலியை வடிகட்டுகிறது. வயலின் ஒலியைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே கட்டாஃப் என்னும் குமிழைக் குறைத்தால், உச்சியிலுள்ள மேற்சுரங்கள் முதலில் மங்கும். ஒலி மெத்தென்று, கம்பளியால் மூடியது போல் ஆகும். சுரம் மட்டும் மாறாது. ரெசனன்ஸ் என்னும் குமிழை ஏற்றினால், வெட்டும் எல்லைக்கு அருகிலுள்ள மேற்சுரங்கள் மட்டும் எடுப்பாகக் கேட்கும். இதற்குக் கீபோர்டு கூட வேண்டியதில்லை. ஒரே சுரத்தில் ஊ, ஆ, ஈ என்று பாடிப் பாருங்கள். தொண்டை தரும் சுரம் ஒன்றே. வாயின் வடிவம் வடிகட்டியாகி எழுத்தை மாற்றுகிறது.

படிப்பு முடிந்ததும் இராமன் 1907-இல் அரசாங்க நிதித்துறையில் அதிகாரியாகிக் கல்கத்தா சென்றார். அவர்தம் துணைவியார் லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர். கல்கத்தாவில் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகத்திற்குச் செல்லும் முன்பும், வேலை முடிந்த பின்பும் இராமன் அங்குச் சென்று ஆராய்ந்தார். ஒற்றைத் தந்தியுள்ள ஏக்தாராவைப் பற்றி 1909-இல் எழுதினார். வயலினில் வில்லின் வேகமும் அழுத்தமும் ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன என்று அளக்க, இயந்திரத்தால் இழைக்கப்படும் வயலின் ஒன்றையே அமைத்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அரசாங்க வேலையை விட்டு அதனை ஏற்றார்.

தம்புராவிலும் வீணையிலும் அவர் கண்டது வியப்புக்குரியது. தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது மேல்நாட்டு விதி. ஆனால் நம் தம்புராவில் அவையும் கணீரென்று கேட்கின்றன. காரணம் அதன் வளைந்த குதிரையும், தந்தியின் அடியில் வைக்கும் ஜீவா என்னும் நூலும் ஆகும் என்று அவர் 1921-இல் விளக்கினார். தந்தி குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு அதிர்வதால் அந்த மேற்சுரங்கள் பிறக்கின்றன. இன்று நாம் குமிழைத் திருகிச் செய்வதை, நம் முன்னோர் ஒரு நூலை நகர்த்திச் செய்திருக்கின்றனர்!

மிருதங்க ஆராய்ச்சி இதனினும் சிறந்தது. சாதாரணத் தோல் முரசை அடித்தால் எழும் மேற்சுரங்கள், அடிச்சுரத்தைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்று அமைகின்றன. அதனால்தான் அது வெறும் முழக்கமாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றுடன் கல்பொடியைக் கலந்து அடுக்கடுக்காகத் தேய்த்துக் கரணை இடுகிறார்கள். அந்தக் கரும் வட்டத்தின் பாரம் மேற்சுரங்களை 2, 3, 4, 5 மடங்கு என்னும் ஒழுங்கிற்குக் கொண்டு வருகிறது என்று இராமன் 1920-இல் காட்டினார். பின்னர் 1934-இல், தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, அது அதிரும் வகைகளைக் கண்ணாலேயே காணச் செய்தார். கணிதம் அறியாத கைவினைஞர் காதால் மட்டுமே கண்ட உண்மை அது. மரச்சிற்பத்திற்காக 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சியில் வாழும் நாம், கைவினைஞரின் அறிவை எளிதாக எண்ணலாகாது.

ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1921-இல் இலண்டன் சென்றபோது, புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் சுவரோரமாக மறுபக்கம் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. கல்வராயன் மலையில் 170 மீட்டர் தொலைவிலுள்ள பாறையை நோக்கிக் கூவினால், ஒரு விநாடியில் எதிரொலி திரும்பும். அறையிலோ பல சுவர்களின் எதிரொலிகள் நெருங்கி வந்து ஒன்றாய்க் கலக்கின்றன. கீபோர்டிலுள்ள ரிவெர்ப் இதையே போலச் செய்கிறது. ஆகவே ஏற்கெனவே எதிரொலிக்கும் மண்டபத்தில் அதனைக் குறைத்து வைத்தால்தான் பாடலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும். பாடகர் குழுவுடன் வாசிக்கும்போது கட்டாஃபைச் சற்றுக் குறைத்தால், கீபோர்டு குரல்களை மறைக்காது.

அதே 1921-ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் கடலின் நீல நிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. அதன் பயனே 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கண்ட இராமன் விளைவு. இங்கும் வடிகட்டியே துணை செய்தது. இராமனும் அவர் மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஒரு நிறக்கண்ணாடியால் வடிகட்டித் திரவத்தினுள் செலுத்தினர். அந்த ஒளியை முற்றிலும் தடுக்கும் வேறொரு கண்ணாடியை இப்பால் வைத்துப் பார்த்தனர். ஒன்றுமே தெரியக்கூடாது, ஆயினும் மங்கிய ஒளி தெரிந்தது. திரவத்தில் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. மற்ற ஒளியை விலக்கியதால் மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது. அந்நாளையே 1987 முதல் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இத்தகைய பெரியாரின் வாழ்வில் மாணவிகளாகிய நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1933-இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அங்குச் சேர வந்த கமலா பாகவத் என்னும் மாணவியை, பெண் என்ற காரணத்தால் சேர்க்க மறுத்தார். அப்பெண் பின்வாங்கவில்லை. ஓராண்டுச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் உழைப்பைக் கண்ட பின் இராமன் மனம் மாறி, மற்றப் பெண்களுக்கும் இடமளித்தார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்த அன்னா மாணிக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. எனினும் அவர் வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்துப் புகழ் பெற்றார்.

இராமன் 1948-இல் பெங்களூரில் தமது பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

வடிகட்டி நல்ல கருவிதான். ஆனால் எதை விலக்குகிறோம் என்று அறிந்து விலக்க வேண்டும். மிருதங்கத்தில் மெல்லிய மேற்சுரத்தையும் கேட்ட காது, ஒரு மாணவியின் குரலைக் கேட்க ஓராண்டு தாமதித்தது. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து படிக்க இறங்கி வரும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கின்றனர். விஞ்ஞானம் பெண்ணுக்கு எட்டாது, மலைப் பிள்ளைக்கு எட்டாது என்று எவரையும் வடிகட்டாத பள்ளிகளே நமக்கு வேண்டும். இராமனிடமிருந்து கூர்ந்து கேட்கும் பழக்கத்தையும், கமலாவிடமிருந்து கதவைத் தட்டும் துணிவையும் கற்றுக்கொள்வோமாக!