சொல்லறிஞர் ஹென்றி ஃபௌலர்

ஒரு மொழியிலுள்ள சொற்கள் மற்றொரு மொழிக்குச் சென்று குடியேறுதல் உலகியற்கை. அங்ஙனம் குடியேறிய சொல் பிறந்த ஊரின் ஒலியோடே வாழ்வதா, புகுந்த ஊரின் ஒலியை மேற்கொள்வதா என்பது பெரியதொரு வினா. ஆங்கில மொழியில் இவ்வினா பல நூற்றாண்டுகளாக எழுந்து வருகின்றது. அவ்வினாவிற்கு இடமாயிருப்பவற்றுள் முதன்மையானவை பிரெஞ்சுச் சொற்கள்.

சென்ற ஆண்டு வகுப்பில் ஆங்கிலப் பாடமொன்றை உரக்கப் படிக்கையில், ‘ரான்டிவூ’ என்று ஒலிக்கவேண்டிய சொல்லை, எழுத்திற் கண்டவாறே ‘ரென்டெஸ்வஸ்’ என்று யான் படித்தேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. நகைத்த நண்பருள் ஒருவர், அடுத்த பக்கத்தில் வந்த மற்றொரு பிரெஞ்சுச் சொல்லைத் தாமும் பிழைபடவே படித்தார். அப்பொழுது நகைத்தவருள் யானும் ஒருவன். அன்று யான் அடைந்த நாணமும், பிறர் நாணங் கண்டு அடைந்த மகிழ்ச்சியும் ஒருங்கே என் உள்ளத்தை உறுத்தின. அவ்வுறுத்தலே ஹென்றி வாட்ஸன் ஃபௌலர் என்னும் பெரியாரின் நூலையும் வாழ்க்கையையும் நாடுமாறு என்னைச் செய்தது.

ஃபௌலர் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் நாட்டைச் சார்ந்த டன்பிரிட்ஜ் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் இராபர்ட் ஃபௌலர் குருப்பட்டம் பெற்றவர், கணக்கில் வல்லுநர், பள்ளியாசிரியர். அவருடைய மக்கள் எண்மருள் ஹென்றியே மூத்தவர். இளமையில் ரக்பிப் பள்ளியிற் பயின்று கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சிறந்த தேர்ச்சியடைந்த பின், 1877-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக் கழகத்துப் பேலியல் கல்லூரியை அடைந்தார். ஈராண்டு கழிவதற்குள் தந்தையார் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி முதல் வகுப்பில் தேறினாரல்லர். இரண்டாம் வகுப்பிலேயே தேறினார். பிற்காலத்தில் ஆங்கிலம் பேசும் உலகத்திற்கே ஆசிரியரான ஒருவர் தேர்வில் இரண்டாம் வகுப்பினர் என்பது நம்மனோர்க்கு ஆறுதல் தருவதொரு செய்தியன்றோ?

கல்லூரியை விட்டகன்றபின் எடின்பரோவிலுள்ள ஒரு பள்ளியிற் சிறிது காலம் பணிபுரிந்து, 1882-ஆம் ஆண்டில் வட இங்கிலாந்திலுள்ள செட்பர் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். ஆண்டுப் பதினேழு கடந்தன. அவருக்கு மாணவர் விடுதித் தலைமைப் பதவி கிடைக்கக்கூடிய வாய்ப்பு வந்தது. மதிப்பும் வருவாயும் மிக்கது அப்பதவி. ஆனால் அதனை ஏற்போர் விடுதி மாணவரைத் திருச்சபையின் திடப்படுத்தல் சடங்கிற்கு ஆயத்தஞ் செய்தல் வேண்டும். ஃபௌலரோ சமய நம்பிக்கையை இழந்திருந்தார். தம் உள்ளம் ஒப்பாத ஒன்றைச் சிறுவர்க்கு ஒப்பிவிக்க அவர் இசைந்திலர். பதவியை மறுத்தார், 1899-ஆம் ஆண்டில் நாற்பத்தொரு வயதினராய்ப் பள்ளியினின்றும் நீங்கினார். கிறிஸ்தவ மாணவனாகிய எனக்கு அவர் கொள்கை உடன்பாடன்று. ஆயினும், நம்பாததை நம்புவதாக நடித்து ஒரு பதவியைப் பெறுதலினும் அதனை இழத்தலே மேலென்று கருதிய அவருடைய நேர்மையைப் போற்றாதிருத்தல் இயலாது. தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டலாகாது என்னும் இவ்வுறுதியே, பின்னர்ச் சொற்களைப் பற்றி அவர் கூறியவற்றிற்கும் வேராயிற்று.

லண்டன் மாநகரிற் சில ஆண்டுகள் கட்டுரைகள் எழுதிச் சிறு வருவாயோடு வாழ்ந்தார். பின்னர் 1903-ஆம் ஆண்டில் தம் இளவல் ஃபிராங்க் வாழ்ந்திருந்த கெர்ன்ஸித் தீவை அடைந்தார். ஃபிராங்க் அங்குத் தக்காளி பயிரிட்டு வந்தார். உடன்பிறந்தார் இருவரும் அருகருகே இரண்டு சிறு குடில்களில் உறைந்து, ஒருங்கே நூற்பணி செய்யலாயினர். லூஷியன் என்னும் கிரேக்கப் புலவரின் நூல்களை மொழிபெயர்த்து 1905-இல் வெளியிட்டனர். ஆங்கில உரைநடையின் செம்மை பற்றிய ‘அரசரின் ஆங்கிலம்’ என்னும் நூலை 1906-இலும், ஆக்ஸ்ஃபோர்டுச் சுருக்க அகராதியை 1911-இலும் வெளியிட்டனர். 1908-ஆம் ஆண்டு, தமக்கு ஐம்பது வயது நிரம்பிய பிறந்த நாளன்றே, ஜெஸ்ஸி வில்ஸ் என்னும் அம்மையாரை ஹென்றி மணந்தார்.

கெர்ன்ஸித் தீவு பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரைக்கு அணித்தாயது. ஆங்கில முடிக்கு உட்பட்டது. அக்காலத்தில் அத்தீவின் நாட்டுப்புறத்தார் பலர் நார்மன் பிரெஞ்சு மொழியையே பேசினர். இன்று அதனைப் பேசுவோர் மிகச் சிலரே. பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒன்றையொன்று உராயும் எல்லையிலே ஃபௌலர் அகராதிப் பணி செய்தார் எனலாம்.

அவர் ஆராய்ந்த சிக்கல் இன்னதென்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். 1066-ஆம் ஆண்டில் நார்மன் மன்னர் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன் பின்னர் அரண்மனையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செலுத்தியது. மேசை, நீதி, மாட்டிறைச்சி முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அவ்வழியாக வந்தனவே. அவை முழுதும் ஆங்கில ஒலி பெற்றுவிட்டன. அவற்றை அயற்சொல் என்று இன்று எவரும் எண்ணுவதில்லை. பல நூற்றாண்டு கழித்து வந்த சொற்களோ தம் பிறப்பை மறவாதிருக்கின்றன. தலைவனைக் குறிக்கும் ‘சீஃப்’ என்பதும் சமையற்காரருட் சிறந்தவனைக் குறிக்கும் ‘ஷெஃப்’ என்பதும் பிரெஞ்சில் ஒரே சொல்லாம். முன்னது இடைக்காலத்தில் வந்தமையால் அக்காலத்துப் பிரெஞ்சின் ‘ச்’ ஒலியைக் காத்து நின்றது. பின்னது பிற்காலத்தில் வந்தமையால் மாறிய பிரெஞ்சின் ‘ஷ்’ ஒலியோடு வந்தது. ஒரு தாய் வயிற்று மக்கள் இருவர் வேறு வேறு காலத்தில் ஒரு வீடு புகுந்து, இருவேறு பெயர் பூண்டது போன்றது இது.

காலத்தால் நேர்ந்த வேற்றுமை இது. இடத்தால் நேர்ந்தது மற்றொன்று. வண்டிக் கொட்டகையைக் குறிக்கும் ‘கராஜ்’ என்னும் சொல் மோட்டார் வண்டியோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திற் புகுந்தது. அமெரிக்கர் அதன் ஈற்றசையை அழுத்திக் கூறுவர். இங்கிலாந்தினர் முதலசையை அழுத்துவர். அவருள்ளும் பலர் ஈற்றை முழுதும் ஆங்கிலமாக்கிக் ‘காரிட்ஜ்’ என்பர். ‘பாலே’, ‘கஃபே’ என்பவற்றிலும் இவ்வாறே அமெரிக்கர் ஈற்றசையையும் இங்கிலாந்தினர் முதலசையையும் அழுத்துவர். எலும்பு நீக்கிய மீன் துண்டத்தை அமெரிக்கர் பிரெஞ்சு முறை பற்றி ‘ஃபிலே’ என்பர். இங்கிலாந்தினர் ‘ஃபில்லிட்’ என்பர். இவை கொண்டு அமெரிக்கரே பிரெஞ்சைப் போற்றுபவர் என்று கருதின், ‘பென்சன்ட்’ என்று அவர் ஒலிக்கும் சொல்லை இங்கிலாந்தினர் மூக்கொலியோடு ‘பான்ஷான்’ எனப் பிரெஞ்சு போல ஒலித்தல் காண்கின்றோம். பூண்டினைக் குறிக்கும் சொல்லை இங்கிலாந்தினர் ‘ஹெர்ப்’ என, அமெரிக்கர் பழைய பிரெஞ்சு வழி ஹகரத்தை விடுத்து ‘எர்ப்’ என்பர். ஆகவே எந்நாட்டாரும் முழுதும் ஒரு நெறியில் நின்றாரல்லர்.

காலம் இடம் என்னும் இரண்டினும் கொடியது மூன்றாம் வேற்றுமை. அது தரம் பற்றியது. பிரெஞ்சு பயில்வதற்குப் பொருளும் ஓய்வும் வேண்டும். ஆதலின் ஒருவர் ‘ரெஸ்டாரண்ட்’ என்பதன் ஈற்றை எங்ஙனம் ஒலிக்கின்றார் என்பதைக் கொண்டு அவர் குடிப்பிறப்பையும் கல்வியையும் அளத்தல் இங்கிலாந்தில் வழக்கமாயிற்று. சொல், கருத்தைத் தெரிவிக்கும் கருவி என்னும் நிலை மாறி, மனிதரைத் தரம் பிரிக்கும் சல்லடையாயிற்று.

இந்நிலையில் முதல் உலகப் போர் மூண்டது. செல்வரும் எளியருமாக எண்ணிறந்த ஆங்கிலேயர் பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். ‘ஈப்ர்’ என்னும் ஊரின் பெயர் எளிய போர்வீரர் வாயில் ‘வைப்பர்ஸ்’ ஆயிற்று. பிழைபடக் கூறிய அவ்வாயினர் பல்லாயிரவர் அவ்வூரைக் காத்தே மாண்டனர். 1915-ஆம் ஆண்டில் ஃபௌலரும் படையிற் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. நாற்பத்து நான்கு என்று சொல்லியே சேர்ந்தார். பதவிக்காகப் பொய் சொல்ல மறுத்தவர், நாட்டிற்கு உழைக்கும் பொருட்டுத் தம் வாழ்நாளில் இவ்வொரு பொய் சொன்னார் போலும். இளவல் ஃபிராங்கும் உடன் சென்றார். பிரான்சில் அவர்களைப் போர்முனைக்கு விடாது, பாத்திரங் கழுவுதல், நிலக்கரி சுமத்தல் முதலிய பணிகளில் வைத்தனர். போரிட விடுக, அன்றேல் வீட்டிற்கு விடுக என்று இருவரும் மேலதிகாரிக்கு விண்ணப்பித்தனர். ஈற்றில் ஹென்றி உடல்நலங் குன்றித் திரும்பினார். ஃபிராங்க் படைவாழ்வில் பற்றிய காசநோயால் 1918-ஆம் ஆண்டில் உயிர் துறந்தார்.

உடன்பிறந்தார் இருவரும் கூடி எழுதக் கருதிய பெருநூலை ஹென்றி தனித்தே எழுதி முடித்தார். ‘இக்கால ஆங்கில வழக்ககராதி’ என்னும் அந்நூல் 1926-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இறந்த இளவலுக்கே உரிமையாக்கினார். அந்நூலிற் பிரெஞ்சுச் சொற்களைப் பற்றித் தனிக் கட்டுரையொன்றும், அவற்றை ஒலிக்கும் முறையைக் காட்டும் பட்டியலும் உள்ளன.

அதன் கருத்தைச் சுருக்கிக் கூறுவல். பிரெஞ்சறிவைப் பிறர் காணப் பரப்புதல் செல்வத்தைப் பிறர் காணப் பரப்புதல் போன்றதே என்பது அவர் துணிபு. ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் போலவே ஒலித்தல் வாயினாற் செய்யும் கழைக்கூத்தென்று அவர் கருதினார். அக்கூத்தில் எவ்வளவுக்கு வெற்றி உண்டோ அவ்வளவுக்கு உரையாடலுக்குக் கேடு. ஏனெனில் கேட்பவன் கருத்தை விட்டுச் சொல்லையே நோக்குவான். ஒன்று வியப்பான், அன்றேல் தன்னால் இயலாதென்று நாணுவான். ஆகவே பிரெஞ்சொலியின் சாயல் சொல்லில் ஓரிடத்திற் சிறிது தோன்றினாற் போதும். கடன் கொடுத்தவருக்குச் செய்யும் வணக்கம் அது. எஞ்சியதை ஆங்கில ஒலியிலேயே கூறுக என்றார். பொதுவாக உச்சரிப்பைப் பற்றியும் அவர் கொள்கை இதுவே. பல துறைகளில் அயலாரினும் மேம்பட விரும்புதல் நன்றாகலாம். உச்சரிப்பிலோ அயலாரோடு ஒத்திருக்க விரும்புதலே நன்றென்றார்.

இக்கொள்கைக்கு ஒரு தடையுண்டு. அயலார் யாவர்? ஒரு தெருவார் ஒருவகையாகவும் அடுத்த தெருவார் வேறு வகையாகவும் ஒலிப்பின் யாரைப் பின்பற்றுவது? இலட்சக் கணக்கானோர் கேட்கும் வானொலிக்கு இவ்விடர் பெரிதாயிற்று. ஃபௌலரின் நூல் வெளிவந்த 1926-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிலையம் அரசவைக் கவிஞர் இராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில் உச்சரிப்புக் குழுவொன்றை நிறுவியது. அறிஞர் குழு கூடியும் வேற்றுமை ஒழிந்ததில்லை, இன்றும் ஒழியவில்லை. ஆனால் ஃபௌலர் வேற்றுமையை ஒழிக்க முயன்றாரல்லர். வேற்றுமை கண்டு ஒருவரை ஒருவர் இகழ்தலையே ஒழிக்க முயன்றார் என்று யான் கருதுகின்றேன்.

இறுதி ஆண்டுகளை அவர் சாமர்செட் நாட்டிலுள்ள ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரிற் கழித்தார். ஏவலாளரை அமர்த்திக்கொள்ளப் பொருளுதவுவதாக ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தார் கூறியபொழுது, நாள்தோறும் காலையில் ஓடியும் நீந்தியும் வரும் அறுபத்தெட்டு வயதினர்க்கு ஏவலாளர் எதற்கென்று மறுத்துவிட்டார். 1930-ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் ஃபௌலரும் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நூலோ 1965, 1996, 2015-ஆம் ஆண்டுகளில் பிறரால் திருத்தப்பெற்று இன்றும் வாழ்கின்றது.

தம்மிடமில்லாத நம்பிக்கையைக் காட்டிப் பதவி பெற மறுத்தவர், தம்மிடமிருந்த கல்வியைக் காட்டிப் புகழ் பெறவும் மறுத்தார். முன்னது வாய்மை, பின்னது பிறர்பால் வைத்த இரக்கம். இரண்டனுள் அரியது பின்னதே போலும். அந்நூலைப் படித்தபின் ‘ரான்டிவூ’ என்பதை யான் பிழையின்றி ஒலிக்கக் கற்றேன். இனி வகுப்பில் ஒருவர் அதனை ‘ரென்டெஸ்வஸ்’ என்று படிக்குங்கால் நகையாதிருக்கவும் கற்றல் வேண்டும்.