மேட்டூருக்காக ஒரு பக்கம், பெரியாறுக்காக எதிர்ப்பக்கம்: யார் இந்த சர் சி.பி.?

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றைப் பார்த்தா, வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். மேலே இருக்கிற மாநிலம் நம்மைக் கேட்காம அணை கட்டலாமா? இது பழைய பஞ்சாயத்து. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்தில், மைசூர் புது அணை கட்ட சென்னையின் சம்மதம் வேணும். அந்த ஆறுகள் பட்டியலில் காவிரியோடு பாலாறும் உண்டு.

இந்தத் தண்ணீர்ச் சண்டையில் முக்கியமான வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். நம்ம பழைய வடஆற்காடு மாவட்டத்துக்காரர்தான். 1879-இல் வந்தவாசியில் பிறந்தவர். 1920-இல் சென்னையின் அட்வகேட் ஜெனரல், 1923-இல் கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். பாசனமும் அவர் கையில்.

கண்ணம்பாடி அணை வழக்கில் 1914 நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். சென்னை விடாமல் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924 பிப்ரவரி 18-இல் சமரசம்: மைசூருக்குக் கண்ணம்பாடி, நமக்கு மேட்டூர். 1925-இல் தொடங்கிய மேட்டூர் வேலை 1934-இல் முடிந்தது. 50 வருஷம் கழிச்சு சில அம்சங்களை மறுபடி பார்க்கலாம்னு எழுதினதுதான், 1974-இல் தலைவலியா வந்தது.

ட்விஸ்ட் அப்புறம்தான். 1936-இல் சி.பி. திருவாங்கூர் திவான். 1886 பெரியாறு குத்தகை நீரில் சென்னை மின்சாரம் எடுக்கப் பார்த்தப்போ, இப்போ அவர் எதிர்த் தரப்பு. தண்ணீர் பாசனத்துக்கு மட்டும்தான்னு 1941-இல் நடுவர் தீர்ப்பு. துரோகம்னு சொல்ல முடியாது. கட்சிக்காரர் மாறிட்டார், அவ்வளவுதான். மின்சார உரிமை தமிழ்நாட்டுக்குக் கிடைக்க 1970 ஆச்சு.

1947-இல் தாக்குதலுக்கு ஆளாகி திவான் பதவியை விட்டார். 1966-இல் லண்டனில் இறந்தார். 2006-இல் ஆந்திராவின் பாலாறு அணைத் திட்டத்தை எதிர்த்து தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனப்போ, கையில் எடுத்தது அதே 1892 ஒப்பந்தத்தைத்தான்.