புதிக்கோட்டை தந்த குதிரை வீரர்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்த நம் அங்கத்தினர் குடும்பங்கள் பல. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டதும் அவர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். பங்காருப்பேட்டையை அடுத்த புதிக்கோட்டை அவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். ஹைதர் அலியின் ஜன்மஸ்தலம் அது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

1720-ஐ ஒட்டிப் பிறந்தவர் ஹைதர். தந்தை பதே முகம்மது போரில் மாண்டபோது சிறு பிள்ளை. தந்தை பட்ட கடனுக்காகத் தாயும் பிள்ளைகளும் கொடுமைக்கு ஆளாயினர். பள்ளிப் படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அபார ஞாபகசக்தி. கணக்கை வாய்மொழியாகக் கேட்டே பிழை கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணன் ஷாபாஸ் மைசூர் ராணுவத்தில் இருந்தார். அவருடைய படையில் தம்பியும் சேர்ந்தார். 1749-ல் நந்தி மலைக்கு அருகிலுள்ள தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய தீரத்துக்குப் பரிசாக, 50 குதிரை வீரர்களுக்கும் 200 காலாட்களுக்கும் தலைவரானார். 1755-ல் திண்டுக்கல் பௌஜ்தார். பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அங்கே ஆயுதச் சாலை அமைத்தார். சில ஆண்டுகளில் மைசூரின் பிரதம சேனாதிபதியாகவே உயர்ந்தார்.

அவருடைய கணக்குகளைக் கவனித்தவர் காண்டே ராவ் என்ற பிராமணர், ஹைதரால் உயர்த்தப்பட்டவர். 1760-ல் அவரே அரண்மனையோடு சேர்ந்து ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். குடும்பத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு, இரவோடிரவாகக் காவேரியைக் கடந்து ஹைதர் தப்பினார். மறு ஆண்டு வென்று திரும்பியபோது, காண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்கள் மன்றாடினர். கிளியைப் போல வைத்துக் காப்பதாக ஹைதர் வாக்களித்தாராம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் - இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து! அதன்பின் ராஜா பெயருக்கு ராஜா, ஆட்சி ஹைதருடையது.

குதிரைப் படையின் வேகமே அவர் பலம். 1769 மார்ச்சில் சுமார் 6,000 குதிரைகளுடன் திடீரென்று சென்னையின் வாசலில் வந்து நின்றார். கோட்டையில் இருந்த கம்பெனியார் திகைத்துப்போய் ஏப்ரலில் உடன்படிக்கை செய்தனர். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் ஷரத்து. 1771-ல் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனியார் அசையவில்லை. அந்தத் துரோகத்தை ஹைதர் மறக்கவேயில்லை.

1780-ல் பெரும்படையுடன் ஆற்காட்டுச் சீமையில் இறங்கினார். செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஆனால் சோறுபோட்ட வயல்களும் எரிந்தன, கிராமங்கள் வெறிச்சோடின, பஞ்சம் வந்தது. அன்று ஊரைவிட்டு ஓடியவர்களில் நம் முன்னோரும் இருந்திருப்பார்கள். அவர் வீரத்தைப் பேசும்போது இதையும் மறைக்கலாகாது. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஐர் கூட்டிடம் தோற்றாலும் போரை விடவில்லை.

முதுகில் வந்த ராஜபிளவை நோயால் 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே பாசறையிலேயே காலமானார். மகன் திப்புவோ தொலைவில் மலையாளத்தில். செய்தி பரவினால் படையே கலைந்துவிடும். பொக்கிஷத்தைப் பார்த்துவந்த, தமிழ்நாட்டில் பிறந்த மாத்வரான பூர்ணய்யாவும், கிருஷ்ண ராவும் மரணத்தை மறைத்தனர். கஜானாப் பெட்டி போவதுபோலக் காவலுடன் உடல் கோலாருக்குச் சென்று தந்தையின் சமாதியில் வைக்கப்பட்டது. பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தது. திப்பு வரும்வரை படை குலையவில்லை.

ஒரு கணக்கரின் துரோகத்தால் எல்லாவற்றையும் இழக்க இருந்தவர் ஹைதர். அதன் பிறகும் பிராமணர்களை நம்பிப் பொக்கிஷத்தை ஒப்படைத்தார். அவர் கண் மூடிய பின் அவர் வம்சத்தின் அரசைக் காத்தது அந்த நம்பிக்கைதான். பங்காருப்பேட்டைப் பக்கம் போகும் அன்பர்கள் புதிக்கோட்டைக்கும் ஒருநடை போய் வரலாம்.