ஐந்து நிமிட நடை

கீழ்புத்துப்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஐயனார் கோயில் வரை நடந்து திரும்புவது நலமாக இருப்பவருக்கு ஒரு பொருட்டே அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு, அளவறியாமல் உழைத்து உடலும் மனமும் ஓய்ந்துபோய் ஊர் திரும்பிய எனக்கோ அது பெரும் பயணமாக இருந்தது. இரண்டு இடத்திலாவது உட்காராமல் போய்ச்சேர முடியாது. பார்க்க வந்த உறவினர்கள் அனைவரும் உடம்பு தேவலையா என்று அன்போடு கேட்டார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாத நிலையில் அந்தக் கேள்விதான் என்னை மிகவும் வாட்டியது. அந்நாள்களில் காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை மீண்டும் கையில் எடுத்தேன். பள்ளிப் பருவத்தில் விரைந்து கடந்துபோன ஒரு பகுதி இம்முறை என்னை விடவில்லை.

1917-இல் சம்பாரண் அவுரி விவசாயிகளின் போராட்டம். 1918-இன் தொடக்கத்தில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதையொட்டிய உண்ணாநோன்பும். உடனடியாகக் கேடா மாவட்டத்தில் வரிகொடா இயக்கம். மூச்சுவிட இடைவெளி இல்லை. இவற்றுக்கெல்லாம் தாங்கிய உடல், அடுத்து வந்த பணியில்தான் முறிந்தது. முதல் உலகப் போருக்குப் படைவீரர்களைத் திரட்டித் தர அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சில மாதங்களுக்கு முன் வண்டிகளைத் தாமே கொண்டுவந்து நிறுத்திய கேடா மக்கள், இப்போது வாடகைக்குக்கூட வண்டி தர மறுத்தனர். வல்லபபாய் படேல் உள்ளிட்ட தோழர்களுடன், உணவைப் பையில் சுமந்துகொண்டு, நாளொன்றுக்கு 20 மைல் வரை நடந்தார். உணவோ பெரும்பாலும் நிலக்கடலையும் எலுமிச்சையும். அகிம்சையைப் போதித்தவர் படைக்கு ஆள் கேட்கலாமா என்று ஊர்தோறும் கேட்டார்கள். கால் நடந்த தொலைவைவிட, அந்தக் கேள்விக்கு நாள்தோறும் விடை சொன்னதே அவரை அதிகம் களைக்க வைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் மாதத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. நடியாத் ரயில் நிலையத்திலிருந்து தங்குமிடம் அரை மைல்தான். அதைக் கடப்பது பத்து மைல் நடப்பதுபோல் இருந்ததாம். மருந்தை மறுத்தார். ஒருநாள் இரவு இறப்பு நெருங்கிவிட்டதாகவே நம்பி, ஆசிரமத்தாருக்குத் தம் இறுதிச் செய்தியையும் சொல்லிவிட்டார். இறப்பு வரவில்லை. ஆனால், வாழும் ஆர்வமும் வரவில்லை. எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றியது இந்த இடம்தான். இன்று நாம் பணிச்சோர்வு என்று சொல்வதை அவருடைய நோய்க்குப் பெயராக ஒட்ட எனக்கு விருப்பமில்லை. அது உடலை உருக்கிய உண்மையான நோய். எனினும், ஓய்வின்றி உழைத்தவர் ஒருநாள் எதிலும் பற்றற்றுக் கிடப்பது என்ன என்பதை அந்தப் பக்கங்கள் அறிந்திருக்கின்றன.

மீட்சி எப்படித் தொடங்கியது? உடம்பெங்கும் பனிக்கட்டி வைத்து மருத்துவம் செய்ய ஒருவர் வந்தார். அதன் பிறகு சிறிது பசி எடுத்தது. ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல நடக்க முடிந்தது. 20 மைல் நடந்தவர் இந்த ஐந்து நிமிடத்தை அற்பமென்று தள்ளாமல், நலத்தின் அடையாளமாக எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். விரைவில் தேறலாம் என்று நண்பர்கள் சொல்ல, மாதேரான் மலைக்கும் போனார். அங்குள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்துக்குள் திரும்ப நேர்ந்தது. பின்னர் பம்பாயில் அறுவை சிகிச்சை. பால் அருந்துவதில்லை என்ற விரதம் குறுக்கே நின்றபோது, கஸ்தூரிபாய் ஆட்டுப்பாலை நினைவூட்டினார். அதை ஏற்றுக்கொண்டது அவரைக் கடைசிவரை உறுத்தியது; விரதத்தின் சொல்லைக் காத்து உட்பொருளைக் கைவிட்டதாகவே அவர் கருதினார். அதே பம்பாயில், படுத்திருந்த அறையில் சுழன்ற இராட்டையின் ஓசைக்கும் தாம் தேறியதில் பங்குண்டு என்று எழுதுகிறார்.

இதைப் படித்துக்கொண்டிருந்த கோடையில் மரக்காணம் உப்பளத்துக்கு உறவினர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் காய்ந்து 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். அதுவரை வெறுங்கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். வேலை செய்பவர்கள் அளவுமானியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வீடு திரும்பியதும் ஒரு நாள்காட்டியில் நடந்த தொலைவையும் படித்த பக்கங்களையும் மட்டும் குறிக்கத் தொடங்கினேன். அன்றைய மனநிலையை எழுதவில்லை. மனநிலை நல்ல சாட்சி அல்ல.

1919 மார்ச்சில், ரௌலட் சட்டத்தை எதிர்க்க, உடல் தேறாத நிலையிலும் துணிந்து சென்னைக்கு வந்தார் காந்தியடிகள். கடற்கரைக் கூட்டத்தில் அவருடைய உரையை வேறொருவர் படிக்க வேண்டியிருந்தது. நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் அவருக்கு உதித்தது அந்தச் சென்னைப் பயணத்தில்தான், ஒரு விடியற்காலையின் அரைத்தூக்கத்தில். நின்றுகொண்டு நெடுநேரம் பேசினால் உடல் நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நீங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பழைய உடல் திரும்பவில்லை, பணி திரும்பியது.

1927-இல் மீண்டும் விழுந்தார். இரத்த அழுத்தம் மிகுந்து, நந்தி மலையிலும் பெங்களூரிலும் மாதக்கணக்கில் ஓய்வு. அதன் பிறகே தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணம்.

1930 மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து உப்புக்காகப் புறப்பட்டபோது அவருக்கு வயது 60. 241 மைல் பயணம். இப்போது நாளொன்றுக்கு 20 மைல் இல்லை. 10, 12 மைல்தான். திங்கட்கிழமைகளில் ஓய்வு. தேவைப்பட்டால் ஏறிக்கொள்ள ஒரு குதிரையும் உடன் வந்தது. அதில் அவர் ஏறவில்லை.

என் நாள்காட்டியில் குறிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. ஒரு மாலை ஐயனார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், வழியில் எங்கும் உட்காரவில்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து பழைய தாள்களைப் புரட்டினேன். அப்படி நடக்கத் தொடங்கிப் பதினோரு நாள்கள் ஆகியிருந்தன.